எட்டரைக்கு மேல் அடுப்பு இல்லை

எங்கள் வீட்டில் மறுநாள் என்பது முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் அம்மா அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டுவாள். சூடு ஆறினதும் சாணி கரைத்து அடுப்பை மெழுகுவாள். அந்த ஈரம் காய்வதற்குள் அரிசி அளந்து, முறத்தில் கல் பொறுக்கி, மூடி வைத்தாகிவிடும். அப்பாவின் தூக்குச் சட்டி கழுவிக் கவிழ்ந்திருக்கும், அதன் மூடி பக்கத்திலேயே. காய்ந்த சவுக்கு மிளாறு ஒரு கட்டு அடுப்பின் வலப்பக்கம். தீப்பெட்டி மேடையின் இடது மூலையில். இடது மூலை என்றால் இடது மூலைதான், ஒரு சாண் தள்ளி வைத்தாலும் கேள்வி வரும்.

அதற்குப் பிறகு வாசலுக்குப் போவாள். அப்பாவின் சைக்கிள் திண்ணையோரம் சாத்தியிருக்கும். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கினால் என்னைக் கூப்பிட்டுப் பம்பு அடிக்கச் சொல்வாள். ஆணியில் தொங்கும் சட்டையின் பையைத் தொட்டு, மில் டோக்கன் இருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியாக எங்கள் பள்ளிக்கூடப் பைகள். அம்மாவுக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அதனால் அக்கா ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு நிற நூல் கட்டியிருந்தாள். கணக்குக்குச் சிவப்பு, தமிழுக்குப் பச்சை. நாளைக்கு என்னென்ன பாடம் என்று அக்கா சொல்லச் சொல்ல, அம்மா நூலைப் பார்த்து எடுத்து வைப்பாள்.

“கார்த்தால இருட்டுல கை தேடிக்கினு நிக்கக் கூடாதுடா. போனா எடுக்கணும்” என்பாள்.

சேதராப்பட்டில் அந்த நாளில் காலை இருட்டு என்றால் நிஜமான இருட்டு. செம்மண் பூமி. ஊரைச் சுற்றி மல்லாட்டைக் கொல்லை, சவுக்குத் தோப்பு, அங்கங்கே முந்திரி. ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு வந்துவிடும், மறுபடி கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படித்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. டவுனில் அப்போது மூன்று பெரிய பஞ்சாலைகள் ஓடின. ஊர் வாயில் அவை சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில். பேர்ப்பலகையில் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. அதில் ஒன்றில் அப்பாவுக்குத் தறிக்கட்டில் வேலை. காலை ஷிப்ட் வாரம் என்றால் கோழி கூவுவதற்கு முன்பே சைக்கிள் கிளம்பிவிடும். ஊசுட்டேரிக் கரையில் மார்கழிக் குளிர் காது மடலை அறுக்கும் என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார். டைனமோ வெளிச்சம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அம்மா வாசலில் நிற்பாள். அப்புறம் அதே இடத்தில் சாணி தெளிக்க ஆரம்பிப்பாள்.

ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அப்பாவின் நேரம் மாறினால் வீட்டில் அத்தனை பேருடைய நேரமும் மாறும். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்கவேண்டும். ஓட்டு வீட்டில், வைகாசி வெயிலில், நடுப்பகலில் ஒரு மனுஷன் தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது. ரேடியோவுக்கு வாய் கிடையாது. நானும் தெருப் பையன்களும் கோலி விளையாட ஏரிப் பக்கம் துரத்தப்படுவோம். அம்மா அம்மியில் அரைக்க மாட்டாள், பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்து எடுத்து வருவாள். ஆனால் விழிப்பு வந்தபிறகு அப்பா பாயில் புரண்டு நான் பார்த்ததில்லை. எழுந்தால் நேரே கிணற்றடிதான். நாலு குடம் இறைத்து, வாழைக்கு ஊற்றிவிட்டுத்தான் டீ. “படுத்துக்கினு யோசிச்சா வேல பெருசாத் தெரியும். நின்னுக்கினு பாத்தா சின்னதாயிடும்” என்பார். எனக்கு இன்றைக்கும் பயன்படுகிற வார்த்தை அது.

எங்களுக்குக் காலை நேரத்தைச் சொன்னது ரேடியோதான். இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ பாட்டுகள், டில்லியிலிருந்து 7.15 செய்தி. சரோஜ் நாராயண்சுவாமி குரல் வந்துவிட்டால் நான் குளித்து முடித்திருக்கவேண்டும். செய்தி முடிவதற்குள் தட்டில் இருப்பது வயிற்றுக்குள் போயிருக்கவேண்டும். உலகத்தில் எங்கே சண்டை, யார் பிரதமர் என்பதெல்லாம் கூழும் வெங்காயமுமாகத்தான் எனக்குள் இறங்கியது. இன்று எந்த நேரத்துக்கும் எந்தச் செய்தியும் கேட்கலாம். அன்று அது அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும்தான் கிடைக்கும், கேட்க வேண்டுமென்றால் நாம்தான் தயாராக இருக்கவேண்டும். அதில் ஒரு நல்லது இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் அம்மா. விதை மல்லாட்டை உடைப்பதில் அவளுக்கு ஈடு எங்கள் தெருவில் கிடையாது. எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம். விதைக்கு என்றால் பருப்பின் மேல் தோல் கிழியக் கூடாது, கிழிந்தால் முளைக்காது. அதனால் கையால்தான் உடைக்கவேண்டும். விதைப்புக் காலம் நெருங்கினால் கொல்லைக்காரர்கள் மூட்டையைக் கொண்டுவந்து திண்ணையில் போடுவார்கள். உடைத்த பருப்பைப் படியால் அளந்து கூலி. ராத்திரி விளக்கைச் சுற்றி ஆயா, அம்மா, அக்கா, நான்.

மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதும் ஆயா உடனே உடைக்க உட்கார மாட்டாள். முறத்தால் வாரி வாரித் தரையில் சின்னச் சின்னக் குவியலாகப் போடுவாள். ஆளுக்கு நாலைந்து குவியல். பெரிய குவியலைக் கண்ணுக்குத் தெரியாதபடி முதுகுப் பக்கம் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவாள். “அத்தினியும் பாத்தா கை ஓடாது கண்ணு. உன் குமிய மட்டும் பாரு” என்பாள். ஒரு குவியல் முடிந்தால் எழுந்து நிற்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், விரலைச் சொடுக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். அது கட்டாயம். நான் வேகம் வேகமாக அடுத்ததற்குப் பாய்ந்தால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். ஆயாவின் விரல்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாயிருக்கும். மல்லாட்டையின் மூக்கைத் தரையில் ஒரு தட்டு, இரண்டு விரலால் ஓர் அழுத்து, ‘டப்’ என்ற சத்தம், பருப்பு முறத்தில், தொலி மடியில். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும், கை நிற்காது. ஆனால் அசதி வந்தது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவாள். தூக்கக் கலக்கத்தில் உடைத்தால் தோல் கிழியும், கிழிந்த பருப்புக்கு மறுநாள் கொல்லைக்காரரிடம் பதில் சொல்லவேண்டும். அதிக நேரம் உட்கார்வதுதான் அதிக வேலை என்று நம்புகிற எத்தனையோ பேரைப் பிற்பாடு அலுவலகங்களில் பார்த்தேன். ஆயாவிடம் அந்த நம்பிக்கை துளியும் கிடையாது.

அதே விளக்கில்தான் படிப்பும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சமூக அறிவியல் புத்தகத்தைப் பார்த்து நான் மலைத்து உட்கார்ந்தபோது, அக்கா அதை வாங்கிப் பாடம் பாடமாகப் பழைய காலண்டர் தாளில் தனித்தனியாக அட்டை போட்டு, ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பரணில் ஏற்றிவிட்டாள். யாரிடம் கற்ற வித்தை என்று கேட்கவேண்டியதில்லை.

தாத்தா வேறு மாதிரி. அவரும் மில்காரர்தான், அப்பாவுக்கு முந்தின தலைமுறை. நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்குக் குரல் மாறிவிடும். விடியும் முன்னால் உள்ளே போய், இருட்டின பிறகு வெளியே வந்த காலத்தைப் பார்த்தவர். டவுனிலேயே தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாராம். பெற்ற பிள்ளையை முழித்த முகமாகப் பார்ப்பதே அந்த ஒருநாள்தான் என்பார்.

1936 ஜூனில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு வந்து, அங்கே தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. அதே கொடியின் கீழே இருந்த புதுச்சேரியில் எட்டு மணி நேரம் கேட்டு, சங்கம் வைக்கிற உரிமை கேட்டு ஆலைத் தொழிலாளர்கள் நின்றார்கள். வ. சுப்பையா அவர்களைத் திரட்டினார். ஜூலை 30-ந் தேதி சவானா மில்லில் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். தாத்தா வேறு மில்லில் இருந்தவர், அன்றைக்கு ரோட்டில் நின்றிருந்தார். அதற்கு மேல் அவர் விவரிக்க மாட்டார். அடுத்த ஆண்டு, 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சிகாகோவில் 1886-ல் கேட்டது, சென்னைக் கடற்கரையில் 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிக் கேட்டது, எங்கள் மில் தெருக்களுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. சங்கு ஊதியதும் தறியை விட்டுக் கையெடுக்கலாம் என்பது யாரோ கொடுத்த சலுகை அல்ல என்று தாத்தா சொல்லும்போது, சின்னப் பையனான எனக்கே உடம்பு விறைக்கும். “எட்டு மணி வேல, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நம்புளுது. அந்த மூணாவது எட்ட வீணாக்காதடா. அதுக்குத்தான் ஆள் செத்தான்” என்பார்.

புதுச்சேரியில் ஜூலை 30 தியாகிகள் தினம். சிவப்புக் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். அப்பா ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. நான் நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது, ஒரு ஜூலை 30 ராத்திரி, ஊர்வலம் முடிந்து வந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாத்தா திண்ணையில். இரண்டு பேரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சாம்பல் வாரிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டாள்:

“ஒங்களுக்கு எட்டு மணி ஆனா சங்கு ஊதிடுவாங்க. அம்மாவுக்கு யாருப்பா ஊதறது?”

சிரிப்புக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்பா சோற்றில் கை வைத்தபடி இருந்தார். தாத்தா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மாதான், “அடச்சே, போய்ப் படுடி” என்று அதட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவை உட்கார வைத்தார். அம்மா எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்கிறாள், எத்தனை நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் எழுதச் சொன்னார். மில்லில் டைம் ஆபீஸ் ஆள் கையில் சீட்டோடு தறிக்குத் தறி வருவதைப் பார்த்துப் பழகியவர் அவர். அந்த நோட்டு ரொம்ப நாள் வீட்டில் இருந்தது. அக்காவின் உருண்டைக் கையெழுத்தில்: தண்ணி தூக்கறது, மாடு, அடுப்பு, மறுபடி தண்ணி, கொல்லைக்கு நாத்து, அடுப்பு, தொவைக்கிறது, அரைக்கிறது, அடுப்பு. ஒரே நாளில் ‘அடுப்பு’ ஆறு இடத்தில் இருந்தது. யாராவது நேரங்கெட்ட நேரத்தில் வந்து டீ கேட்பது, தாத்தாவுக்கு வெந்நீர், அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் சோறு சுட வைப்பது. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரத்தின் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. தாத்தா அந்தக் கணக்கை அக்காவிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அன்றைக்கு வீட்டில் போட்ட சட்டங்கள் இவை. தண்ணீர் என் பொறுப்பு. ஏனம் கழுவுவது அப்பா, அவர் ராத்திரி ஷிப்டில் இருந்தால் நான். வெந்நீர் வேண்டுமென்றால் சாயங்காலச் சமையலோடு போட்டு மூடி வைத்துக்கொள்வது. ராத்திரி எட்டரைக்கு மேல் அடுப்பு மூட்டக் கூடாது, விருந்தாளியே வந்தாலும் இருக்கிறதைத்தான் சாப்பிடவேண்டும். ஆயாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஆம்பள ஏனம் கழுவனா ஊரு இன்னா பேசும்” என்றாள். அப்பா பதில் சொல்லாமல் கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் சட்டியைத் தேய்த்தார். ஊர் பேசியது. ஒரு மாதம் பேசியது, அப்புறம் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கிடைத்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. திண்ணையில் வந்து உட்காருவாள், உடனே எழுந்து துணி மடிக்கப் போவாள். “ஒக்காரும்மா” என்று அக்கா கையைப் பிடித்து இழுப்பாள். மெல்ல மெல்லத்தான் உட்காரப் பழகினாள். எதிர்வீட்டு அத்தையோடு பேசினாள். தனியாக இருக்கும்போது மெதுவான குரலில் பாட்டு வரும். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் முழுசாகப் பயன்பட்டது அறிவொளி வந்தபோது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த அலையில் புதுச்சேரியிலும் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாக இறங்கியது. வீதி நாடகம் போட்டார்கள், பறை அடித்துப் பாடினார்கள். ராத்திரி வகுப்பு. பத்தாவது முடித்த பெண் பிள்ளைகள்தான் வாத்தியார். எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணுக்கு அக்கா வயதுகூட இருக்காது. பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரம் நின்றுவிட்டார்கள். ஆர்வம் இல்லாமல் அல்ல. புருஷன் சோறு கேட்பான், மாமியார் கூப்பிடுவாள், எழுந்து போய்விட்டால் அன்றைய பாடம் போச்சு. அம்மாவால் உட்கார முடிந்தது. எட்டரைக்கு மேல் அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்பது அதற்குள் எங்கள் வீட்டில் பழகிப்போயிருந்தது. சிலேட்டுப் பலகையும் துணியுமாக அவள் தெரு விளக்கடிக்குப் போகிறபோது, ஆயா சொல்லாமலே கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கட்டினாள்.

புதுக்கோட்டையில் இதே இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியது நாடறிந்த கதை. எங்கள் அம்மா சைக்கிள் ஓட்டவில்லை. பஸ் போர்டைப் படித்து, யாரையும் கேட்காமல், தனியாக மயிலத்துக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தாள். நோட்டுகளில் கட்டியிருந்த நூலையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து அவளே அறுத்தாள்.

இப்போது நாளை ஒழுங்கு செய்வது எப்படி என்று புத்தகம் புத்தகமாக வருகிறது. விடியற்காலையில் எழு, பட்டியல் போடு, பெரிய வேலையைச் சின்னதாக உடை, முந்தின ராத்திரியே தயார் செய். எதையும் தப்பென்று சொல்ல மாட்டேன், எல்லாம் எங்கள் வீட்டில் நடந்ததுதான். ஆனால் அப்படி ஒழுங்காக ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு முன்னால் நாலு மணிக்கு எழுந்தவர் யார் என்று நான் ஒவ்வொரு புத்தகத்திலும் தேடுகிறேன். பெரும்பாலும் அவர் அதில் இருப்பதில்லை. ஒரு வீட்டின் ஒழுங்கு நல்ல ஒழுங்கா என்று தெரியவேண்டுமானால், அதில் யாருக்கு நேரம் மிஞ்சுகிறது என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

சேதராப்பட்டில் இன்று சவுக்குத் தோப்புகள் இருந்த பக்கமெல்லாம் தொழிற்பேட்டை. அப்பா தினம் சைக்கிள் மிதித்த டவுனில் அந்த மூன்று மில்லின் சங்கும் இல்லை. ஏ.எஃப்.டி.யை 2020-ல் இழுத்து மூடியே விட்டார்கள். போக்குவரத்து திசை மாறிவிட்டது. டவுனிலிருந்தும் வானூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கம்பெனி வேன்கள் எங்கள் ஊருக்கு வருகின்றன. இறங்குவதில் பெண்கள் நிறைய. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், காதில் போன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் அக்காவின் அந்தக் கேள்வி ஓடும். கம்பெனியில் எட்டு மணி நேரம், சரி. வீட்டில் யார் தண்ணீர் எடுப்பது?

அக்கா இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. அவள் வீட்டிலும் என் வீட்டிலும் ஏனம் கழுவும் முறை சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் பையன் அதில் பேரம் பேசுவான், நடக்காது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆயாவும் தாத்தாவும் போய் வெகுகாலம் ஆயிற்று. கேஸ் அடுப்புதான், ஆனாலும் ராத்திரி லைட்டர் இடது மூலையில்தான் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குத் தினத்தந்தியை விரித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படிப்பாள். அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்பார், இரண்டு பேருக்கும் அரசியலில் சண்டை வரும். அந்த நேரத்தில் அமைச்சரே வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டாள். போன வாரம் நான் போனபோதும் அப்படித்தான், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள்.

“டீ ஃபிளாஸ்க்ல இருக்குது, ஊத்திக்கோ. அப்பாவுக்கும் ஒரு டம்ளர் குடு.”